கப்பல் பார்க்கப் போன சனிக்கிழமை

பைறோஸா அலுமாரிச் சாவியைத் தேடவில்லை. கதவுக்குப் பின்னால் தொங்கிய பழைய கலண்டரை விலக்கி, ஆணியிலிருந்து சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தாள். அறை வாசலில் நின்ற நாகேந்திரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளவத்தையின் இந்த மாடிவீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகிறது. அந்தச் சாவி அங்கே தொங்குவது அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

விறாந்தையில் மலர்ச்சாலையிலிருந்து உடலை எடுக்க வந்த இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவன் குரலைத் தாழ்த்தி, சிங்களத்தில், "மாத்தயா, நோனாட்ட அந்தவன்ன சாரியக்" என்றான். உடலைக் கொண்டுபோகும்போது உடுத்துவதற்கான சேலையையும் கையோடு கொண்டுபோக வேண்டுமாம்.

"கூறைச்சேலையை எடுத்துக் குடு, பிள்ளை," என்றார் நாகேந்திரம் மகளைப் பார்த்து. "சுமங்கலியாப் போறா. கூறைதான் உடுத்தோணும்."

மகள் விஷ்ணுப்பிரியா பாமன்கடையிலிருந்து காலை ஏழு மணிக்கே ஓடிவந்தவள். அழுது வீங்கிய கண்களோடு அவள் அலுமாரிப் பக்கம் திரும்பினாள். ஆனால் பதில் சொன்னது மனைவியின் சிநேகிதி பைறோஸா.

"அண்ணன், கோவிக்க வாணாம். கூறை போன வருசமே பெய்த்திட்டு. மடிச்ச மடிப்போட வெடிச்சி வெடிச்சி, தொட்டா தூள் கொட்டுது. அவ அத தலகணி உறைக்குள்ள போட்டு வெச்சீக்கிறா. மனசு கேக்கல்லயாம் வீச."

சொல்லிவிட்டு இரண்டாம் தட்டிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை உருவினாள். ஓரத்தில் மெல்லிய சரிகை. "இதக் குடுங்க. இதுதான் அவட ஆசச் சேல."

"எப்ப வாங்கினது அது?" என்று நாகேந்திரம் கேட்டார்.

யாருக்கும் அது காதில் விழவில்லை. விஷ்ணுப்பிரியா சேலையை வாங்கி முகத்தில் வைத்து அழத் தொடங்கியிருந்தாள். பைறோஸா அவள் முதுகைத் தடவிக்கொண்டே, மறுகையால் அதற்குப் பொருந்தும் சட்டையைத் தேடி எடுத்தாள். அதுவும் அவளுக்கு ஒரே தேடலில் கிடைத்தது.

உள்ளறைக் கட்டிலில் அவருடைய மனைவி சிவயோகம் கிடந்தாள். காலையில் வந்த குடும்ப டொக்டர், நித்திரையிலேயே இதயம் நின்றிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அறுபத்தாறு வயது. ஒரு நாள் காய்ச்சலென்று படுத்தவள் இல்லை.

சிவயோகமும் பைறோஸாவும் தொலைபேசி அலுவலகத்தில் ஒப்பரேற்றர்களாகப் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர்கள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊர் உலகத்துக்கெல்லாம் இணைப்புக் கொடுத்த இரண்டு பேரும், ஓய்வுபெற்ற பிறகு தங்களுக்குள் ஒரு இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தினமும் பின்னேரம் ஏழு மணிக்குத் தொலைபேசி. வியாழக்கிழமைகளில் சிவயோகம் கொம்பனித்தெருவுக்குப் போவாள். பைறோஸாவின் பழைய வரிசைவீட்டை இடித்து, அதற்குப் பதிலாகப் பதினான்காம் மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். விதவை, பிள்ளைகள் கட்டாரில். அங்கே இரண்டு பேரும் அப்படி என்னதான் கதைக்கிறார்கள் என்று நாகேந்திரம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றே இருந்தார். கேட்டால் அது தனக்கு முக்கியமென்று ஆகிவிடும்.

ஆனால் ஏழு மணியாகும்போது தொலைக்காட்சியின் சத்தத்தை ஓரளவு குறைத்துவிடுவார். குசினிக்குள்ளிருந்து வரும் மனைவியின் சிரிப்பு அவருக்குப் பழக்கமில்லாத சிரிப்பு. அவரோடு சிரிக்கும்போது அவள் கையால் வாயை மூடிக்கொள்வாள். தொலைபேசியில் ஒரு கை போய்விடும், மறுகையில் அகப்பை. வாயை மூடக் கையில்லாமல் அந்தச் சிரிப்பு முழுசாக வெளியே வரும்.

சேலையை வாங்கிக்கொண்டு மலர்ச்சாலைக்காரர்கள் சிவயோகத்தைத் தூக்கிப் போனார்கள். படியில் இறங்கும்போது பைறோஸா முன்னால் ஓடி, திருப்பத்தில் யாரோ நிறுத்திவைத்திருந்த சைக்கிளை அப்புறப்படுத்தினாள். நாகேந்திரத்துக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை. செய்தவள் மேல் ஆத்திரம் வந்தது.

எல்லாவற்றுக்கும் முந்தின நாள் சனிக்கிழமைதான் காரணம் என்று அவர் மனதுக்குள் தீர்த்துவைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சிவயோகம் பேப்பரை அவர் முன்னால் விரித்தாள்.

"இஞ்சருங்கோ, ஹாபரைத் திறந்து விடுகினமாம். மூண்டு நாள் கடல் விழா. சனங்கள் கப்பலுக்குள்ளை ஏறிப் பாக்கலாமாம்."

"கப்பலிலை என்ன கிடக்குப் பாக்க? வெறும் இரும்பு. உந்த வெயிலுக்கை நிண்டா தலை வெடிக்கும்."

"முப்பத்திநாலு வருசம் நீங்கள் வேலை செய்த இடம். நான் ஒருநாளும் உள்ளுக்குப் பாத்ததில்லை."

"பாஸ் இல்லாமல் அப்ப ஆரை விட்டவங்கள்?"

"இப்ப விடுகினம்தானே. நீங்களும் வாங்கோவன். ஒவ்வொண்டாக் காட்டிச் சொல்லுவியள்."

அவர் பேப்பரை மடித்தார். கப்பல் ஏஜென்சி ஒன்றில் வாஃப் கிளாக்காக, சரக்கு ஏற்றி இறக்கும் கடதாசிகளோடு அந்தத் துறைமுகத்துக்குள் ஓடித்திரிந்த காலத்தில் வாசல் காவலாளிகள் அவருக்குச் சலாம் வைப்பார்கள். இப்போது சனத்தோடு சனமாக வரிசையில் நின்று, பையைத் திறந்து காட்டி உள்ளே போக வேண்டும். யாருக்கும் அவரைத் தெரிந்திருக்காது. அதை மனைவி பக்கத்தில் நின்று பார்ப்பாள். இதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா?

"உமக்குப் போகோணுமெண்டாப் போம்," என்றார்.

அவள் தனியாகப் போகமாட்டாள் என்ற நம்பிக்கையில் சொன்னது. அன்றைக்கு ஏழு மணிக்கே தொலைபேசியில் எல்லாம் முடிவாகிவிட்டது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனவள் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் திரும்பினாள். வெயிலில் முகம் கன்றிச் சிவந்திருந்தது. தலைமயிர் காற்றில் கலைந்து உப்புப் பிடித்துக் கிடந்தது. செருப்பைக் கழற்றினாளோ இல்லையோ, விறாந்தையில் அவருக்கு முன்னால் நிலத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் நோவென்று கோவிலில்கூடக் கதிரை கேட்பவள்.

"உங்களுக்குத் தெரியுமே, இண்டைக்கு நான்..."

நாகேந்திரம் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். "நியூஸ் போகுது."

அவள் காத்திருந்தாள். விளம்பரம் வந்தது. உடனே அவர் எழும்பிக் குளியலறைக்குப் போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையுமில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டுக் கையை நனைத்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது அவள் எழும்பி நின்றிருந்தாள்.

"சரி. நாளைக்குச் சொல்லுறன்," என்றாள். முகத்தில் கோபம் இருந்ததாக அவருக்கு ஞாபகமில்லை.

ஏழு மணிக்குக் குசினிக்குள் சிரிப்புத் தொடங்கியது. "ஐயோ, அவன் எபா எபா, வேண்டாமெண்டு கத்தக் கத்த..." என்றாள், பிறகு மூச்சு முட்டச் சிரித்தாள். பைறோஸா கூடவே போனவள். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவளுக்கே அதைத் திரும்பச் சொல்லி இப்படிச் சிரிக்க வேண்டுமா? கேட்காதவனுக்கு ஒன்றுமில்லை, பார்த்தவளுக்கு இரண்டு தரம்.

கோப்பை கழுவிவிட்டு வந்து அவள் சொன்னாள்: "இடது தோள்மூட்டு ஒருமாதிரி இழுக்குது. உந்த பாமை ஒருக்காத் தேச்சு விடுங்கோவன்."

"ஊர் சுத்தினா நோகும்தான்," என்றார் அவர்.

பாம் போத்தலை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குள் போனாள். எட்டுகிற இடம்வரை தானே தேய்த்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விழித்தபோது தேநீர் வாசம் இல்லை. பக்கத்தில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கிடக்கட்டும், ஊர் சுத்தினதன் பலன் அப்போதுதான் தெரியும் என்று நினைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். ஆறேகால் மணிவரை அந்தக் கோபத்தோடேயே, கோபம் தந்த ஒருவகைத் திருப்தியோடேயே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் போய் எழுப்பினார்.

திங்கட்கிழமை முழுக்க மலர்ச்சாலையில் சனம் வந்துபோனது. மயில்கழுத்துச் சேலையில் சிவயோகம் புதிதாக யாரோபோல் கிடந்தாள். தலைமாட்டில் நாகேந்திரத்துக்கு ஒரு கதிரை. வந்தவர்கள் அவருடைய கையைப் பிடித்து, "நித்திரையிலை போறதுக்குக் குடுத்து வைக்கோணும்" என்றோ, "என்ன செய்யுறது, அண்ணை" என்றோ ஏதாவது சொன்னார்கள். அதற்குமேல் அவரோடு கதைக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. அடுத்ததாக அவர்களுடைய கால்கள் போனது மண்டபத்தின் வலது மூலைக்கு.

அங்கே பைறோஸா இருந்தாள். வெள்ளை முக்காடு, கையில் தஸ்பீஹ் மணி. அவளைச் சுற்றிப் பழைய தொலைபேசி அலுவலகப் பெண்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த பிறிஜெற், நாகேந்திரத்துக்குப் பெயர் தெரியாத மற்றும் இரண்டு பேர். புதிதாக ஒருத்தி வந்து உட்காரும்போதெல்லாம் பைறோஸா முதலிலிருந்து தொடங்குவாள். அந்தச் சனிக்கிழமை அங்கே குறைந்தது ஆறு தரம் நடந்தது.

அவருக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது.

"...ஏணி இப்பிடி நெட்டுக்கு ஈக்கி. நான் ஏலா என்டிட்டன். இவ சேலய இழுத்துச் செருகிட்டு..."

"...அந்த நேவிப் பொடியன் செல்றான், பய வென்ட எபா அம்மே, அத்தின் அதின்ட, பயப்பட வாணாம், கையால இழுங்க என்டு..."

"...மூணு தரம்! ஹாபர் முழுக்கக் கேட்டீக்கும். அவன் போதும் போதும் என்டு எபா எபா என்டு..."

பெண்கள் சிரித்தார்கள். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். பிறிஜெற் சிரிப்போடேயே மூக்கைச் சீறினாள். செத்தவீட்டில் சிரிக்கிறார்களே என்று ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மண்டபத்துக்குள் அந்த ஒரு மூலையில் மட்டும் சிவயோகம் உயிரோடு இருந்தாள். எல்லாரும் அங்கே போனார்கள். தான் காவல் இருப்பது மிச்சத்துக்குத்தான் என்று நாகேந்திரத்துக்குப் பட்டது.

எதை இழுத்தாள்? எந்தக் கப்பல்? துறைமுகத்தின் எந்தப் பக்கம்? எழும்பிப் போய் அந்த வட்டத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, எனக்கும் சொல்லுங்கோ என்றால் எல்லாம் கிடைத்துவிடும். பத்து அடி தூரம். அவரால் முடியவில்லை. தன் மனைவியின் கடைசி நாளை இன்னொருத்தியிடம் கையேந்திக் கேட்பதா?

மத்தியானத்துக்குப் பிறகு விஷ்ணுப்பிரியா தொலைபேசியை நீட்டிக்கொண்டு வந்தாள். "அப்பா, இஞ்சை பாருங்கோ. பைறோஸா அன்ரி எடுத்த படம். அம்மா கப்பல் ஹோர்னை இழுக்கிறா. வாயைப் பாருங்கோவன், அம்மாவின்ரை எல்லாப் பல்லும் தெரியுது."

"கண்ணாடி கொண்டரேல்லை," என்றார் அவர்.

கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது. மகளுக்கும் அது தெரிந்தது. அவள் தொலைபேசியைத் திருப்பிக்கொண்டாள்.

நாலு மணிக்கு உடலை எடுப்பதாக ஏற்பாடு. மூன்று மணிபோல் நாகேந்திரம் தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனார். மலர்ச்சாலைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம். சுவரோரம் வெற்றுப் பூக்கூடைகள் அடுக்கியிருந்தன. கப்பை எடுத்து நிரப்பியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"அண்ணன்."

பைறோஸா நின்றிருந்தாள். மண்டபத்துக்குள் இருந்த முகமில்லை இது.

"உங்களுக்கு ஒண்டு செல்லோணும். வேற ஒத்தருக்கிட்டயும் நான் செல்லல்ல."

அவர் தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"அண்டைக்கு ஏணியால எறங்கினதுக்குப் பொறகு அவ ஒரு பக்கமா உக்காந்திட்டா. மூச்சு வாங்கின. தோள்ல கைய வெச்சிக்கிட்டு, பைறோஸா, ஒருமாதிரி ஈக்கிடி என்டா. நான் செல்லின, வா, ஓட்டோ புடிச்சி ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்டு. அவ கேக்கல்ல. கொஞ்ச நேரத்தால எழும்பி, எறால் போட்ட இஸ்ஸோ வடை தின்னோணும் என்டா. தின்டா. சிரிச்சா. நானும் வெயில்தான் என்டு உட்டுட்டன்."

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "அவருக்குச் செல்லிடாதே, இனி என்ன எங்கயும் வெளிக்கிட உடமாட்டாரு என்டா. நான் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டன், அண்ணன். ராவு ஏழு மணிக்குக்கூட போன்ல கேட்டன், எப்பிடி ஈக்கி என்டு. சும்மா சிரிச்சா. அண்டைக்கு நான் கையப் புடிச்சி இழுத்திட்டுப் போயிருந்தா இண்டைக்கு... நீங்க என்னவேணும்டாலும் செல்லுங்க எனக்கு. ஏசுங்க."

நாகேந்திரம் அவளைப் பார்த்தார். வெட்கக்கேடான விஷயம்தான், ஆனால் முதலில் அவருக்குள் எழுந்தது துக்கமல்ல. ஒரு குளிர்ச்சி. இரண்டு நாளாக எல்லாமே இவளுடையதாக இருந்தது. சாவி, சேலை, சிரிப்பு, கதை. இப்போது இதுவும் இவளுடையதே. உள்ளே போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த மூலை வட்டம் கலைந்துவிடும். மகளே இவளைப் படியேற விடமாட்டாள். பைறோஸா ஏச்சுக்காகக் காத்து நின்றாள். அவர் அவளைக் காக்கவைத்தார். சுவரில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து, கூடையைக் கொத்திப் பார்த்துவிட்டுப் பறந்துபோகும்வரை காக்கவைத்தார்.

அப்போதுதான் விஷ்ணுப்பிரியா வாசலில் தெரிந்தாள். எவ்வளவு கேட்டிருந்தாளோ தெரியாது.

"என்ன ஆஸ்பத்திரி, அன்ரி?" என்றாள். "அம்மாவுக்கு அங்கை ஏதும் ஏலாமல் வந்ததோ? உண்மையைச் சொல்லுங்கோ. அம்மா ஆருக்கும் ஏதும் சொன்னவவோ?"

பைறோஸா வாயைத் திறந்தாள்.

"எனக்குச் சொன்னவ," என்றார் நாகேந்திரம்.

குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. இரண்டு பெண்களும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சனிக்கிழமை பின்னேரம், சாப்பிட்டாப்பிறகு எனக்குச் சொன்னவ. இடது தோள் இழுக்குது, பாம் தேச்சு விடுங்கோ எண்டு என்னைத்தான் கேட்டவ."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள், அப்பா?"

கப்பிலிருந்த தண்ணீர் அவருடைய விரலில் வழிந்தது. "ஊர் சுத்தினா நோகும்தான் எண்டனான்."

விஷ்ணுப்பிரியா அவரைப் பார்த்தாள். தகப்பனை அவள் அந்தமாதிரிப் பார்த்ததில்லை. ஏசுவாள் என்று நினைத்தார். அவள் ஏசவில்லை, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மண்டபத்துக்குள் திரும்பிப் போய்விட்டாள்.

பைறோஸா மெதுவாகக் கேட்டாள்: "என்னத்துக்கு, அண்ணன்?"

பைறோஸா தன்னைக் காப்பாற்றுவதற்காகவே அவர் சொன்னதாக எடுத்துக்கொண்டது அவருக்குப் புரிந்தது. அப்படி இல்லை என்று சொல்லத்தான் வேண்டும். சிவயோகம் அந்த நோவை உமக்குமட்டும் சொல்லேல்லை, எனக்கும் சொன்னவ, அதுவும் கடைசியாக எனக்குத்தான் சொன்னவ என்று காட்டத்தான் அந்த வார்த்தை வாயிலிருந்து பாய்ந்தது. அது தன் கழுத்துக்கே கயிறாகும் என்பது சொல்லி முடிந்தபிறகே தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க அவருக்கு விருப்பமில்லை. சிவயோகத்தின் கடைசி நாளில் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

"உண்மையைத்தான் சொன்னனான்," என்று மட்டும் சொன்னார். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கப்பைக் கவிழ்த்து வைத்தார்.

நாலு மணிக்குப் பெட்டியை மூடினார்கள். ஆண்பிள்ளை இல்லாதபடியால் கொள்ளி அவருடைய கையில். பொரளை மயானத்துக்குப் போன வாகனத்தின் முன் ஆசனத்தில் மருமகன் தியாகு பக்கத்தில் இருந்தான். பெண்கள் மலர்ச்சாலை வாசலோடு நின்றுவிட்டார்கள். வாகனம் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தார். மகள் பைறோஸாவின் தோளில் சாய்ந்திருந்தாள். மகள் வீடு திரும்பும்போது தன்னோடு கதைப்பாளா என்று யோசித்தார்.

அன்றிரவு அவள் சோறு போட்டாள். அவருடைய மருந்தை எடுத்து வைத்தாள். மறுநாள் விடிய சாம்பல் கரைக்கப் போவதற்கு வேட்டியை மடித்து வைத்தாள். விளக்கை அணைக்கப்போனவள், முதுகைக் காட்டியபடியே, "நான் எண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன், அப்பா," என்றாள். அது உண்மையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை முகத்துவாரத்துக்குப் புறப்படும்போது நாகேந்திரம் தியாகுவிடம், "போற வழியிலை கொம்பனித்தெருவிலை ஒருக்கா நிப்பாட்டும்," என்றார்.

"ஏன், மாமா?"

"அவவையும் ஏத்துவம்."

தியாகு விஷ்ணுப்பிரியாவைப் பார்த்தான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பைறோஸா கீழே வருவதற்குப் பத்து நிமிடம் எடுத்தது. ஏன் அழைக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. முன்னால் அவரும் தியாகுவும், பின்னால் பெண்கள் இருவரும்.

முகத்துவாரத்தில் களனி ஆறு மண்நிறத்தில் வந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது. தியாகு ஒரு மீன்காரனிடம் படகு பேசினான். கரையில் பெண்கள் நின்றார்கள். நாகேந்திரம் மண்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு போய், ஆறும் கடலும் சேருமிடத்தில் கவிழ்த்தார். சாம்பல் சிறிது நேரம் மேலே நின்றது. அதற்குள் ஒரு அலை வந்தது. ஐயர் கரையில் வைத்துச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லி, குடத்தையும் விட்டார்.

திரும்பி வந்ததும் மகள் ஐயருக்கு வேட்டி சால்வை கொடுக்கத் தியாகுவோடு வீதிப்பக்கம் போனாள். நாகேந்திரம் நனைந்த வேட்டியோடு, கரையில் இழுத்துப்போட்டிருந்த ஒரு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். மறுபக்கத்து விளிம்பில் பைறோஸா. நடுவில் ஈரவலை ஒன்று குவிந்துகிடந்தது. தெற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வானத்தில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

அவர் அந்தப் பக்கமே பார்த்தபடி கேட்டார்:

"என்னைப்பற்றி ஏதும் கதைச்சவவோ, அண்டைக்கு?"

பைறோஸா யோசித்தாள். பொய் சொல்வதற்கான யோசனை அல்ல அது. உண்மையிலேயே தேடிப் பார்த்தாள்.

"இல்ல, அண்ணன்," என்றாள். "அந்த நோவு வந்த நேரம் செல்லினத தவிர, உங்களப் பத்தி ஒண்டும் பேசல்ல. அண்டைக்கு அவ யாரப் பத்தியும் பேசல்ல. கப்பலத்தான் பாத்திட்டீந்தா."

அவர் தலையாட்டினார். எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வலித்தது. அல்லது வலி பிறகு வரும்.

"எத்தினை மணிக்கு உள்ளுக்கு விட்டவங்கள்?"

"பத்தேகால் ஈக்கும். லைன்ல மிச்ச நேரம் நின்ட. பைய தொறந்து காட்டச் செல்லினாங்க. அவட பைக்குள்ள ஒரு போத்தல் தண்ணி, ரெண்டு வாழப்பழம், ஒங்கட பழைய தொப்பி."

"என்ரை தொப்பியோ?"

"ஓம், அந்தக் காக்கித் தொப்பி. பொறகு அவதான் அதப் போட்டீந்தா. காத்துக்குப் பறந்து தண்ணில உழுந்திட்டு. அதுக்கு ஒரு சிரிப்பு."

அந்தத் தொப்பியை அவர் தேடியதேயில்லை. வீட்டில் இல்லை என்பதே தெரியாது.

"எந்தப் பக்கம்? பழைய பயணிகள் ஜெட்டிப் பக்கமோ?"

"அது எனக்கு எங்கன தெரியும்? ஒரு செவப்புக் கட்டிடம் ஈக்கிதே, அதுக்கு முன்னால. மொதல்ல ஒரு சின்னக் கப்பல்ல ஏத்தினாங்க. மொகம் தடிப்பா, சுத்திவர டயர் கட்டி..."

"அது கப்பல் இல்லை. டக் போட். பெரிய கப்பலை இழுத்துக்கொண்டு வாறது."

"சரி, அதான். அதுக்குள்ள ஏறத்தான் அந்த ஏணி. நான் கீழ நின்டுட்டு, வாணாம் யோகம், வாணாம் என்டு கத்துற. அவ மேல பெய்த்து நின்டு என்னப் பாத்துக் கைய ஆட்டுறா. பொறகு அந்தக் கப்பல்ட மேல் தட்டுல..."

மறுபடியும் கப்பல் என்றாள். அவர் திருத்தவில்லை.

வீதியில் தியாகு வாகனத்தின் கதவைத் திறந்துவைத்துவிட்டு, போவோமா என்று கையசைத்தான். பைறோஸா கதையை நிறுத்திவிட்டு எழும்பப் பார்த்தாள். நாகேந்திரம் பொறும் என்று அவனுக்கு உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.

"மேல் தட்டிலை?" என்றார்.

அவள் சொல்லத் தொடங்கினாள். அவர் கடலைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.